நாப்பது தாண்டினப்புறம் திரும்ப லெத்வே: உடம்பு தாங்குமா, யாராச்சும் போறீங்களா?

பசுண்டாங்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல் படிக்கறப்ப எங்க வார்டுல ஒரு ஸயாகிட்ட (வாத்தியார பர்மால அப்படித்தான் சொல்வோம்) லெத்வே, அதான் குத்து, உதையோட தலையால முட்டறதும் சேந்த பர்மா சண்டைக்கலை, கத்துக்கிட்டு இருந்தேன், ஞாயித்துக்கெழமைன்னா தாத்தா வீட்டுப் பின்னாடி சிலம்பக் கம்பு சொல்லிக்குடுப்பாரு, பத்தாங்கிளாஸ் பரீட்சையோட ரெண்டும் நின்னு போச்சு. அப்புறம் அப்பா கடை, கல்யாணம், பிள்ளைங்கன்னு காலம் ஓடிருச்சு. இப்ப வயசு 43. கல்லாவுல உக்காந்து உக்காந்து தொப்பை வேற, போன வருஷம் சுகர்னு சொல்லி மாத்திரையும் ஆரம்பிச்சுட்டாங்க. டாக்டர் நடங்கன்னாரு. ரங்கூன்ல கண்டோஜி ஏரிய சுத்தி நடந்தும் பாத்தாச்சு, பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நடக்கறது ஒத்து வரல, கொஞ்ச நேரத்துல மனசு கடைக் கணக்குக்குப் போயிடுது.

தாம்வே பக்கம் ஒரு ஜிம்ல காலைல பெரியவங்களுக்குன்னு தனி பேட்ச் வச்சிருக்காங்களாம். ரிங்ல ஏறணும்ங்கற ஆசையெல்லாம் சுத்தமா இல்ல. வேர்க்க வேர்க்க தொங்கவிட்ட பேக்ல நாலு உதை விடணும், வீட்டுக்கு வந்து குளிக்கணும், அவ்ளோதான். வீட்ல என்ன சொல்றாங்கன்னா "மூக்க ஒடச்சிக்கிட்டு வந்தா நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்". முட்டி, இடுப்பு இதெல்லாம் இந்த வயசுல தாங்குமா? ஸ்பாரிங் (எதிர்ல ஆள் நிறுத்தி அடிச்சுப் பழகறது) இல்லாம வெறும் பேக், ஸயா கைல பிடிக்கற பேட் மட்டும் அடிச்சிட்டு வர விடுவாங்களா, இல்ல கிண்டல் பண்ணுவாங்களா? லெத்வே வேணாம் கம்போட நின்னுக்கோன்னு சொல்றவங்க இருந்தாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

சும்மா பாக்க வந்தவன்:
அண்ணே தலையால முட்டற விளையாட்டுக்கு தொப்பையோட போறீங்க, எவனும் கிட்டயே வர முடியாது, ஜெயிச்சிருவீங்க :)

மோல்மேன் மாமா:
சிரிக்கிறவன் சிரிக்கட்டும் தம்பி, நீங்க போங்க. ஆனா போய் உடனே பணம் கட்டிடாதீங்க. ஒரு நாள் சும்மா ஓரமா உக்காந்து பாருங்க, அதுவும் கிளாஸ் ஆரம்பிக்கறப்ப இல்ல, முடியற நேரத்துல. ஆரம்பத்துல எல்லா ஸயாவும் நல்ல ஸயாதான். கடைசி அரைமணி நேரம் எல்லாரும் களைச்சுப் போயி கை கீழ தொங்க ஆரம்பிக்கும் பாருங்க, அப்ப யாரை யாரோட ஜோடி போடறாருன்னு கவனிங்க. இருபது வயசுப் பையன உங்க வயசு ஆளோட நிறுத்திட்டு அந்தப் பக்கம் ஃபோனப் பாத்துக்கிட்டு நின்னாருன்னா, எழுந்து வந்துடுங்க.

எங்க ஊர்ப் பக்கம் இது திருவிழா ஆட்டம். பகோடா (புத்தர் கோயில்) திருவிழா, அறுப்பு முடிஞ்ச சமயம், மணல்ல ஆடுவாங்க. ரிங்கு, ரவுண்டு கணக்கு இதெல்லாம் பின்னாடி வந்தது. 1952ல ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல குத்துச்சண்டைக்குப் போன ஜா பா ஞெய்ன்தான் இதுக்கு விதிமுறை வகுத்தவரு, மோன் நாடு கரேன் நாடெல்லாம் சுத்தி ஆளுங்களோட பழகி, அவங்கள ரங்கூனுக்கும் மாண்டலேக்கும் கூட்டிட்டு வந்து ஆட விட்டாரு. அந்தக் காலத்து ஆளுங்க ஆட்டத்தையும் பயிற்சியையும் தனித்தனியாதான் வச்சிருந்தாங்க. தினமும் மண்டைய ஒடச்சிக்கிட்டா திருவிழாவுக்கு ஆள் எங்க இருந்து வருவான்?

இன்செயின் புலி:
மாமா சொன்னது சரிதான், ஆனா ஒண்ணு சொல்றேன் யாரும் கோவிச்சுக்காதீங்க. ஸ்பாரிங் இல்லாம பண்றதுக்குப் பேரு லெத்வே இல்ல, ஏரோபிக்ஸ். பேக் திருப்பி அடிக்காது. தூரம், நேரம், பயம் இதெல்லாம் எதிர்ல ஒரு ஆள் நின்னாதான் வரும். அண்ணன் சின்ன வயசுல கத்துக்கிட்டவரு, அவருக்கே தெரியும். தாய்லாந்து முய் தாய்க்கு கை, கால், முழங்கை, முட்டின்னு எட்டு ஆயுதம், நமக்கு தலையோட சேத்து ஒம்போது. அந்த ஒம்பதாவத விட்டுட்டு எட்டோட வந்துட்டா அப்புறம் பக்கத்து நாட்டு விளையாட்டயே விளையாடலாமே. நம்ம பர்மா சண்டை வீரர் ஆங் லா ன்சங் 1985ல பொறந்தவரு, 2017ல இங்க துவுன்னா ஸ்டேடியத்துலயே சாம்பியன் பெல்ட் வாங்கினாரு, அதுக்கப்புறம் எத்தன வருஷம் ஆடினாரு. வயசெல்லாம் மனசுலதான்.

ஊசி மருந்து:
புலி தம்பி, அவரு எம்எம்ஏ (பல சண்டைக்கலை கலந்த போட்டி), முழு நேரத் தொழிலா பண்றவரு, நடுவுல விடாம பண்ணிட்டு இருக்கறவரு. இவரு பத்தாங்கிளாஸோட விட்டுட்டு கல்லாவுல உக்காந்தவரு. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பேசாதீங்க. நான் ஃபிசியோ, இந்த மாதிரி திரும்ப ஆரம்பிச்சு நொண்டிக்கிட்டு வர்ற அண்ணன்மாருங்கதான் எனக்குப் பாதி பொழப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கங்க.

அண்ணே, முன்னாடி ஒரு கலை கத்துக்கிட்டவங்களுக்குதான் புதுசா வர்றவங்களவிட அதிகமா அடிபடுது. புதுசா வர்றவனுக்கு உதைக்கவே தெரியாது, அதனால அவன் காலுக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு உதை தெரியும், இடுப்பு எப்படித் திருப்பணும்னு மூளைக்கு ஞாபகம் இருக்கு, நாலு நாள்ல வேகம் வந்துடும். மூச்சும் சில வாரத்துல சரியாகும், தொடைல தெம்பு ஏறும், "அடடா பழைய மாதிரி ஆயிட்டேனே"ன்னு தோணும். டெண்டன், அதான் தசைய எலும்போட இணைக்கற நார், அது மட்டும் அந்த வேகத்துக்கு வராது. தசையவிட அதுக்கு ரத்த ஓட்டம் கம்மி, பழகறதுக்கு மாசக்கணக்குல ஆகும். அதனால மொத வாரத்த நெனச்சு பயப்பட வேண்டியதில்ல, அப்ப எல்லாரும் ஜாக்கிரதையாதான் இருப்பாங்க. ஒரு மாசம், ஒண்ணரை மாசம் கழிச்சு உடம்பு லேசா இருக்குன்னு தோணும் பாருங்க, அப்பதான் குதிகால் டெண்டன் அறுந்து வருவாங்க. அது அறுந்தா வலியவிட முதல்ல ஒரு டப்புனு சத்தம்தான், நெறைய பேரு பின்னாடி யாரோ எட்டி உதைச்சிட்டான்னு நெனச்சுத் திரும்பிப் பாப்பாங்க, அங்க யாரும் இருக்க மாட்டாங்க. முப்பதுலேருந்து அம்பது வயசுக்குள்ள ஆம்பளைங்களுக்குதான் அதிகம்.

ஸ்கிப்பிங் கயிற மொத நாளே எடுக்காதீங்க, அதுவும் வெறுங்கால்ல சிமெண்டு தரைல வேணவே வேணாம். வீட்ல மாடிப்படி விளிம்புல முன்னங்கால வச்சு நின்னு குதிகால மெதுவா, ரொம்ப மெதுவா கீழ எறக்குங்க, ரெண்டு காலையும் ஊனி மேல ஏறுங்க. வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இத ஆரம்பிச்சிடுங்க. ஆரம்பத்துல ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

அப்புறம் சுகர். என்ன மாத்திரைன்னு சொல்லல. வெறும் மெட்ஃபார்மின்னா பயிற்சில சுகர் அதலபாதாளத்துக்கு எறங்கறது அபூர்வம். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு மாதிரி இருந்தாலோ இன்சுலின் போட்டாலோ விஷயம் வேற, டாக்டர்கிட்ட கேட்டு அளவ மாத்திக்கணும், காலைல வெறும் வயித்தோட போகக் கூடாது. சுகர் எறங்கினா என்னாகும்? வேர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். லெத்வே கிளாஸ்ல அரைமணி நேரம் பேட் அடிச்சவனுக்கும் இதேதான் ஆகும்! அதனால ஸயாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க. பையில மூணு டீஸ்பூன் சர்க்கரை மடிச்சு வச்சுக்கங்க, சந்தேகம்னா முதல்ல அத வாயில போடுங்க, அப்புறம் மெஷின்ல பாருங்க. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்புடறவங்களுக்கு நடுக்கம், படபடப்பு வெளிய தெரியாம அமுங்கிடும், அவங்க இன்னும் உஷாரா இருக்கணும்.

கடைசியா பாதம். வெறுங்கால் ஆட்டம் இது. சுகர் இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கொறஞ்சிருந்தா கீறல் பட்டதே தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவி, விரல் இடுக்கு தொடச்சு, கண்ணாடி வச்சு அடிப்பாதம் பாருங்க. மழைக்காலத்துல விட்டுடாதீங்க.

பசுண்டாங்காரன்:
தங்கச்சி ரொம்ப நன்றி. மெட்ஃபார்மின் மட்டும்தான். இத அப்படியே வீட்ல படிச்சுக் காட்டினேன், "அந்தப் பொண்ணுக்கு இருக்கற அறிவு உங்களுக்கு இருக்கா"ன்னு கேட்டாங்க. படிக்கட்டு வேலை இன்னைக்கே ஆரம்பம்.

தாம்வே அக்கா:
நீங்க சொல்ற பேட்ச் எதுன்னு எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன், நானும் அந்தப் பக்கம்தான், பேரெல்லாம் இங்க வேணாம். நான் சின்ன வயசுல கராத்தே, கல்யாணத்துக்கப்புறம் நிறுத்தி, சின்னவன் ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் லெத்வேக்கு வந்தேன். பொம்பளைங்க யாராவது இத படிச்சிட்டு வரலாமா வேணாமான்னு யோசிச்சா ஒரு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன். ரெண்டு பிள்ள பெத்தப்புறம் ஸ்கிப்பிங் பண்ணினா, குதிச்சா சிறுநீர் கசியறது ரொம்ப சகஜம், யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, வெக்கப்பட்டுக்கிட்டு நின்னு போயிடுவாங்க. சிறுநீர அடக்கிப் பிடிக்கற இடுப்படித் தசைக்கு பயிற்சி இருக்கு, ஊசி மருந்து மாதிரி ஒரு ஃபிசியோகிட்ட கேட்டா சொல்லிக் குடுப்பாங்க. அது சரியாகற வரைக்கும் நான் ஸ்கிப்பிங்குக்குப் பதிலா நின்ன எடத்துல அடி மாத்தி நடப்பேன், ஸயா ஒண்ணும் கேக்கல.

பசுண்டாங்கண்ணே, கிண்டல் பண்ணுவாங்களான்னு கேட்டீங்க. காலை பேட்ச்ல யாருக்கும் கிண்டல் பண்ற மூச்சு இல்ல. ஒரு பேங்க் ஆபீசர், ரெண்டு டாக்ஸி ஓட்டற அண்ணனுங்க, ஒரு கரேன் டீச்சர், நானு. ஸ்பாரிங் வேணுங்கறவங்க மட்டும் சனிக்கெழம பெரிய கிளவுஸ், ஷின் கார்டு (முட்டிக்குக் கீழ முன்னெலும்புக்குக் கவசம்) போட்டு பண்ணுவாங்க, தலை முட்டறது பேக்ல மட்டும். ஒரு பேங்க் ஆபீசருக்கு நெத்தில தையலோட கவுண்டர்ல உக்கார முடியுமா?

இன்செயின் புலி:
அக்கா, அதத்தான் நானும் சொல்றேன். கிளவுஸ் இல்லாம கைல காஸ் துணி (காயத்துக்குக் கட்டற மெல்லிசு துணி) சுத்தி ஆடற ஆட்டத்த, பெரிய கிளவுஸ், ஷின் கார்டு, தலை இல்ல, ஸ்பாரிங் இல்ல, ஒவ்வொண்ணா கழிச்சிக்கிட்டே போனா மிச்சம் என்ன இருக்கு. பாயிண்டே இல்லாத ஆட்டம் இது, அஞ்சு ரவுண்டு முடிஞ்சு ரெண்டு பேரும் நின்னா டிரா, அவ்ளோதான் சட்டம். மயக்கம் போட்டாக்கூட ரெண்டு நிமிஷம் டைம் எடுத்து திரும்ப வந்து ஆடலாம், உலகத்துல எந்த ஆட்டத்துல இருக்கு இது?

மோல்மேன் மாமா:
புலி, ஒரு திருத்தம். நீ சொல்றது பழைய விதி. அதுலயும் அந்த ரெண்டு நிமிஷ டைம் ஒரு ஆட்டத்துல ஒரு தடவதான், கடைசி ரவுண்டுல கிடையாது. 2017ல ஆரம்பிச்ச வேர்ல்டு லெத்வே சாம்பியன்ஷிப்ல ஜட்ஜ் உண்டு, பாயிண்ட் உண்டு, அந்த டைம் கிடையாது. ஆக விதிய இவங்களும் மாத்திக்கிட்டேதான் இருக்காங்க, ஜா பா ஞெய்ன் மாத்தலையா? நீ உசத்தியா பேசற அந்த ரெண்டு நிமிஷத்த டாக்டருங்ககிட்ட போய் சொல்லிப் பாரு, என்ன சொல்றாங்கன்னு.

ஊசி மருந்து:
சொல்லிடறேன் மாமா. மயக்கம் போட்டு எழுந்த மூளைய திரும்ப அடிவாங்க அனுப்பறது எந்த வயசுலயும் தப்பு. ஷின் எலும்பு பேக்ல உதைக்க உதைக்க மெல்ல மெல்ல கெட்டிப்படும், அது உண்மை (பாட்டில வச்சு உருட்டறது, கட்டையால தட்டறது இதெல்லாம் வேணாம், பேக் போதும்). நெத்தித் தோலு தடிக்கும். மூளை அப்படி எதுக்கும் பழகாது. ஸ்பாரிங்ல தலைல பட்டு தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசறது, சொன்னதையே திருப்பிச் சொல்றது இப்படி எது வந்தாலும் அன்னைக்கு ஆட்டம் அவ்ளோதான், டாக்டர பாத்துட்டு அவங்க சொல்ற வரைக்கும் திரும்ப வரக் கூடாது. வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தாலோ, தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, தூங்கி எழுப்பவே கஷ்டமா இருந்தாலோ ராத்திரின்னும் பாக்காம ஆஸ்பத்திரி.

இன்செயின் புலி:
சரி சரி, தலைய நான் விட்டுடறேன். ஆனா ஸ்பாரிங் பத்தி சொன்னதுல நான் மாறல. உடம்புக்கு மட்டும் அடிக்கற ஸ்பாரிங் இருக்கே, மெதுவா, பாதி வேகத்துல, அதக்கூட பண்ண மாட்டேன்னா எனக்குப் புரியல.

தாம்வே அக்கா:
அது நல்ல யோசனை தம்பி, இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. உடம்புக்கு மட்டும்னு வச்சிக்கிட்டு நானும் பண்றேன். ஆனா ஜோடி முக்கியம். மெதுவான்னு சொல்லிட்டு ஒரு அடி வாங்கினதும் வேகத்த ஏத்தறவங்க இருக்காங்களே, அவங்களோட நான் நிக்கறதில்ல, "இன்னைக்கு தோள் வலி"ன்னு சொல்லிட்டு பேக் பக்கம் போயிடுவேன்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
சென்னைலேருந்து எழுதறேன், நம்ம ஆளுங்கதான், 1964க்கு அப்புறம் பர்மாலேருந்து கப்பல்ல வந்த குடும்பம். லெத்வே எனக்குத் தெரியாது, கம்பு தெரியும், அதனால அண்ணன் கேட்ட ரெண்டாவது விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். கம்போட நின்னுக்கலாமான்னு கேட்டீங்க, "நின்னுக்கலாமா"ங்கறதே எனக்குப் பிடிக்கல, கம்பு என்ன வயசானவங்களுக்கு ஒதுக்கின விளையாட்டா? இங்க 2024 ஜனவரில தமிழ்நாட்ல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டில சிலம்பத்த காட்சி விளையாட்டா சேத்தாங்க. சாயங்காலம் ஆனா எங்க தெருக் கோடி மைதானத்துல குட்டிப் பசங்க கூட்டம், ஓரமா நாங்க தொப்பைக்காரங்க நாலஞ்சு பேரு.

திரும்ப ஆரம்பிக்கறவங்க பண்ற முதல் வேலை என்ன தெரியுமா? கம்ப கைல வாங்கினதும் தலைக்கு மேல சுத்துவாங்க. எம்ஜிஆர் சுத்தறத பாத்து வளந்த கை, சும்மா இருக்காது. மறுநாள் தோள தூக்க முடியாது. ஆசான் எங்களுக்கு ரொம்ப நாள் கம்பே குடுக்கல. முதல்ல காலடி. மண்ணுல கட்டம் போட்டு, வெறும் கையோட, முன்ன வச்சு பின்ன வாங்கி பக்கவாட்டுல திரும்பி, அதையே திரும்பத் திரும்ப. அப்புறம் கம்பு வந்தப்பவும் இடுப்பு உயரத்துலதான் வீச்சு, ரெண்டு பக்கமும், இடது கை வலது கை மாத்தி மாத்தி. நெஞ்சுக்கு மேல போறதுக்கு அவரு தோளத் தொட்டுப் பாத்து, கைய பின்னாடி மடக்கச் சொல்லி, முதுக எங்க வரைக்கும் தொட முடியுதுன்னு பாத்துட்டுதான் விட்டாரு. சுகர் இருக்கறவங்களுக்கு தோள் எறுகிப் போறது சாதாரணம்னு எங்க டாக்டர் சொன்னாரு, ஊசி மருந்து அக்காவும் சொல்லட்டும். முட்டிக்கு குதிப்பு இல்ல, தலைக்கு அடி இல்ல, ஆனா அரைமணி நேரம் விடாம வீசிப் பாருங்க, பேக் அடிச்சத விட வேர்க்கும்.

ஊசி மருந்து:
ஆமா, உறைஞ்ச தோள் சுகர்காரங்களுக்கு அதிகம். கைய தூக்கறப்பவே பிடிச்சா கம்பும் மேல போகக் கூடாது, பேட்ல ஹூக்கும் (பக்கவாட்டுக் குத்து) வேணாம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

சும்மா பாக்க வந்தவன்:
நான் சும்மா பாக்கத்தான் வந்தேன், இப்ப எனக்கே ஆசை வந்திருச்சு. வயசு 38, ஒண்ணுமே தெரியாது, சண்டைன்னா கல்யாண வீட்டுப் பந்தில போட்டதுதான். என்ன மாதிரி ஆள் வரலாமா?

மோல்மேன் மாமா:
உனக்கு ஒண்ணும் தெரியாததுதான் உனக்குப் பாதுகாப்பு. போ.

பசுண்டாங்காரன்:
நேத்து போய் பாத்துட்டு வந்தேன், மாமா சொன்ன மாதிரியே கடைசி அரைமணிக்கு. கரண்ட் இல்ல, ஷட்டர முழுசா தூக்கி விட்டு வெளிச்சத்துக்கு பண்றாங்க, ஃபேன் நின்னு போய் தகரக் கூரைக்குக் கீழ அப்படி ஒரு புழுக்கம். ஸயா வயசானவரு, அறுபதுக்கு மேல இருக்கும், கைலிய தூக்கிக் கட்டிக்கிட்டு பேட் பிடிக்கிறாரு. ஒரு டாக்ஸிக்கார அண்ணன் களைச்சுப் போய் வலது கைய எறக்கிட்டாரு, ஸயா திட்டல, பேடால கன்னத்துல லேசா ஒரு தட்டு தட்டினாரு, கை தானா மேல போயிருச்சு. அப்புறம் உக்காத்தி வச்சு தண்ணி குடுத்தாரு.

என்ன பாத்ததும் முன்னாடி பண்ணியிருக்கியான்னு கேட்டாரு, சின்ன வயசுலன்னேன். பேக் முன்னாடி நிக்க வைக்கல. கைய நீட்டுன்னாரு. பருத்தித் துணி நாடாவ எடுத்து கட்ட விரல்ல மாட்டி, மணிக்கட்ட மூணு சுத்து, பொறங்கை வழியா மேல போயி விரல் முட்டிக்கு மேல தட்டையா சுத்து, அப்புறம் ஒவ்வொரு விரல் இடுக்குலயும் ஒரு தடவ உள்ள விட்டு மணிக்கட்டுக்கே கொண்டு வந்து முடிச்சாரு. "விரல விரிச்சா லூசா இருக்கணும், குத்து புடிச்சா இறுகணும்"னு சொன்னாரு. போட்டிக்குதான் காஸும் டேப்பும், பயிற்சிக்கு இது, மேல கிளவுஸ். அப்புறம் அதையும் அவுத்துட்டு என்னையே கட்டச் சொன்னாரு. கட்டினேன். திரும்ப அவுக்கச் சொன்னாரு. அன்னைக்கு முழுக்க எனக்கு அதுதான் வேலை. வீட்டுக்கு வர்ற வழியில அத நெனச்சு சிரிச்சிக்கிட்டே வந்தேன், ஆனா எனக்குப் புடிச்சிருக்கு.

கெளம்பறப்ப வாசல்ல ரெண்டு சின்னப் பசங்க இடது கைய மடக்கி வலது உள்ளங்கையால பட்டுபட்டுன்னு தட்டி ஒருத்தன ஒருத்தன் வம்புக்கு இழுத்துக்கிட்டு இருந்தாங்க, அந்த லெக்கமௌன் சத்தம் கேட்டு எவ்ளோ வருஷமாச்சு!

இன்செயின் புலி:
அண்ணே அந்த ஸயா நல்ல ஸயா. நான் இனிமே பேசல.

தாம்வே அக்கா:
அவரேதான்! துணி ரெண்டு செட் வாங்குங்கண்ணே, மழைக்காலத்துல ஒண்ணு காயவே காயாது, ஈரத் துணிய கட்டினா விரல் இடுக்குல தோல் உரியும். கிளவுஸுக்குள்ள பழைய பேப்பர சுருட்டி வச்சு காய விடுங்க, இல்லன்னா வீட்ல உங்களயும் சேத்து வெளிய நிறுத்திடுவாங்க. சாப்பாடும் முக்கியம். போறதுக்கு முன்னாடி மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) ஒரு கிண்ணம் போட்டுட்டு வந்தா பேட்ல குனியறப்ப எல்லாம் மேல வரும், பாதி வாழைப்பழம் போதும். வெயில் காலத்துல, குறிப்பா தின்ஜானுக்கு (பர்மாப் புத்தாண்டு) முன்னாடி ஏப்ரல்ல, ஸயாவே நேரத்த சீக்கிரம் வச்சிடுவாரு.

மோல்மேன் மாமா:
நல்ல எடம் அமைஞ்சிருக்கு தம்பி. கம்பையும் விட்டுடாதீங்க, தாத்தா சொல்லிக்குடுத்தது. வாரத்துல ரெண்டு நாள் ஸயாகிட்ட, ஞாயித்துக்கெழம வீட்டுப் பின்னாடி பையனோட காலடி. அடி வைக்கறது ரெண்டுலயும் ஒத்துப் போகும், முன்கால்ல பாரம் வச்சு நிக்கறது மட்டும் கம்புல ஒரு மாதிரி, லெத்வேல ஒரு மாதிரி, ஆரம்பத்துல கொழம்பும், தானா பிரிஞ்சிடும்.

பசுண்டாங்காரன்:
பையனும் அதத்தான் கேக்கறான் மாமா. தாத்தா கம்பு எப்பவோ செல்லரிச்சுப் போச்சு. இங்க நல்ல கம்பு எங்க கெடைக்கும்? அனோரட்டா ரோட்டுக் காளி கோவில் பக்கத்துக் கடைல கேட்டேன், பூஜை சாமான்தான் இருக்காம்.

வியாசர்பாடி பர்மாக்காரன்:
கடைல தேடாதீங்க, பிரம்பு நாற்காலி பின்றவங்ககிட்ட போங்க, பர்மால பிரம்புக்கா பஞ்சம்? உங்க நெத்தி உயரம் வேணும், பையனுக்கு அவன் நெத்தி உயரம், வளர வளர மாத்திக்கங்க. வாங்கறதுக்கு முன்னாடி தரைல உருட்டிப் பாருங்க, தத்தித் தத்தி உருண்டா வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். நடுவுல ஒரு விரல்ல நிறுத்துங்க, ஒரு பக்கமா சாஞ்சா அடி கனம் நுனி கனம் ஒத்து வரல, வேற எடுங்க. கணு இருந்தா கத்தியால தேச்சு மழமழன்னு ஆக்கிடுங்க, இல்ல உள்ளங்கைய கிழிச்சிடும். எண்ணெய் தேச்சு நெழல்ல படுக்க வைங்க, சுவத்துல சாத்தி வைக்காதீங்க, வளைஞ்சிடும்.

சும்மா பாக்க வந்தவன்:
அண்ணே கம்பு வாங்கறப்ப எனக்கும் ஒண்ணு சேத்து வாங்குங்க, என் உயரம் அஞ்சடி ஆறு அங்குலம். பஸ்ல எப்படி கொண்டு வர்றதுன்னு மட்டும் சொல்லுங்க.

பசுண்டாங்காரன்:
டாக்ஸி ஓட்டற அண்ணன் ஒருத்தரு பேட்ச்ல இருக்காரே, அவருகிட்ட கேக்கறேன். மொத்தமா எத்தன கம்பு வேணும்னு சனிக்கெழமைக்குள்ள இங்கயே போடுங்க, உயரத்தோட.